99 வருஷ டெட்லைன்: மாஞ்சோலை மலையில் யாருக்குப் பாத்தியதை?



ஐ.டி.யில வேலை பார்க்கிற எல்லாருக்கும் 'ஸ்டேக்ஹோல்டர்' என்கிற சொல் அத்துப்படி. புது ப்ராஜெக்ட் ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே ஒரு கட்டம் போடுவோம். நிமிர்ந்த கோட்டுல அதிகாரம், படுத்த கோட்டுல அக்கறை. ரெண்டும் அதிகமா இருக்கிறவங்களைப் பக்கத்துலயே வெச்சுக்கணும். அதிகாரம் இருக்கு, அக்கறை இல்லைன்னா திருப்தியா வெச்சாப் போதும். அக்கறை மட்டும் இருக்கிறவங்களுக்குத் தகவல் போய்க்கிட்டே இருக்கணும். ரெண்டுமே குறைவா இருக்கிறவங்களை அப்பப்போ ஒரு பார்வை பார்த்தாப் போதும்.

ஒரு ஆப் செய்யறதுக்கு இந்தக் கட்டம் போதும். ஒரு காட்டைக் காப்பாத்துற வேலைக்குப் போதுமா? இந்த எபிசோடுல அதைத்தான் பார்க்கப் போறோம். உதாரணத்துக்கு ஆப்பிரிக்கா போக வேண்டாம். மார்த்தாண்டத்துல இருந்து கிழக்கே நிமிர்ந்து பார்த்தாத் தெரியற மலையே போதும்.

அதுக்கு முன்னாடி சொல்லின் கதை. 'ஸ்டேக்ஹோல்டர்' என்பதை மேலாண்மைச் சொல்லாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, 1963-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் எழுதப்பட்ட ஓர் உள்குறிப்பு. யாருடைய ஆதரவு இல்லாவிட்டால் ஒரு நிறுவனம் நிலைக்காதோ, அவர்கள்தான் ஸ்டேக்ஹோல்டர் என்றது அது. 1984-ல் எட்வர்ட் ஃப்ரீமன் என்ற பேராசிரியர் வரையறையை அகலப்படுத்தினார். நிறுவனத்தைப் பாதிக்கக் கூடியவர்கள், நிறுவனத்தால் பாதிக்கப்படுகிறவர்கள், இரண்டு தரப்புமே கணக்கில் வரணும் என்றார்.

ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தைக் கவனிங்க. முதல் வரையறையில் 'நமக்கு யார் தேவை' என்ற கேள்வி இருக்கு. ரெண்டாவதுல 'நம்மளால யாருக்கு என்ன ஆகும்' என்ற கேள்வியும் சேருது. நம்ம பக்கத்துப் பழைய பத்திரங்கள்ல இதுக்கு நெருக்கமா ஒரு சொல் உண்டு: பாத்தியதை. ஒரு நிலத்துல யாருக்கு உரிமையுள்ள தொடர்பு இருக்கோ, அவங்களுக்குப் பாத்தியதை. நம்ம மலையோட கதை முழுக்க, இந்தப் பாத்தியதைப் பட்டியலை யார் எழுதினாங்க, எந்த வரையறையை வெச்சு எழுதினாங்க என்பதுதான்.

ஒரே மலை, ரெண்டு தாமிரபரணி

குழித்துறைப் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஓடுதே, அந்த ஆத்துக்கும் தாமிரபரணின்னுதான் பேர். கோதையாறும் பரளியாறும் சேர்ந்து வர்ற தண்ணி. திருநெல்வேலியில ஓடுற பெரிய தாமிரபரணி வேற. ஆனா ரெண்டுக்கும் தாய்வீடு ஒண்ணுதான், அகத்தியமலைத் தொடர். மேற்குச் சரிவுல விழுற மழை நமக்கு. கிழக்குச் சரிவுல விழுறது நெல்லைக்கு.

இந்த மலைமுகடு ரொம்ப காலம் ஓர் எல்லைக்கோடு. மேற்கே திருவிதாங்கூர் சமஸ்தானம், கிழக்கே சென்னை மாகாணம். 1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் ரெண்டு சரிவும் ஒரே மாநிலத்துக் கணக்குக்குள்ள வந்தது. இன்னைக்கும் அந்தப் பிரிவோட தடம் இருக்கு. மேல்கோதையாறு குமரிக்காரங்களுக்குச் சொந்தப் பெயர் மாதிரி. ஆனா அங்க ரோட்டு வழியா போகணும்னா அம்பாசமுத்திரம் சுத்தி, மணிமுத்தாறு, மாஞ்சோலை, நாலுமுக்கு வழியா ஏறணும். நம்ம பக்கத்துல இருந்து நேரா ஏற மின்வாரியத்தோட விஞ்ச்தான் உண்டு.

கிழக்குச் சரிவுல 1962-ல் முண்டந்துறைப் புலிகள் சரணாலயம் வந்தது. 1976-ல் களக்காடு சரணாலயம், சிங்கவால் குரங்குக்காக. எழுபதுகளில் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற ரெண்டு ஆய்வாளர்கள் இந்த மலையில செய்த ஆய்வு, அந்தக் குரங்கு பிழைக்க இங்க உள்ள தொடர்ச்சியான மழைக்காடு எவ்வளவு முக்கியம்னு காட்டியது. 1988-ல் ரெண்டு சரணாலயத்தையும் சேர்த்து களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் உருவானது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. 1996-ல் குமரி மாவட்டத்து வீரப்புலி, கீழமலைக் காப்புக்காடுகளின் ஒரு பகுதியும் அதோட சேர்ந்தது. ஆக, நம்ம மாவட்டமும் இந்தக் கதையில ஒரு பாத்திரம்.

காப்பகம் வந்தப்போ மலையில் யாரெல்லாம் இருந்தாங்க?

வெறும் காட்டுக்கு வேலி போட்ட மாதிரிதான் வரைபடத்தில் தெரியும். நிஜத்துல அந்தக் காட்டுக்குள்ள ஏற்கெனவே பெரிய கூட்டம்.

முதல்ல காணிக்காரர்கள். முகட்டின் ரெண்டு பக்கமும் வாழ்றவங்க. மூட்டுக்காணி என்ற தலைவரின் கீழ் குடிகளா இருந்தவங்க. நம்ம பக்கம் பேச்சிப்பாறையைச் சுத்தியும், அந்தப் பக்கம் மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி போன்ற இடங்களிலும் அவங்க குடியிருப்புகள் உண்டு. இந்த மலையில இவங்களுக்கு முன்னாடி வந்ததா சொல்லிக்க வேற யாரும் கிடையாது.

அடுத்து சிங்கம்பட்டி ஜமீன். கிழக்குச் சரிவின் பெரும்பகுதிக் காடு ஜமீன் சொத்து. காட்டுக்குள்ள இருக்கிற சொரிமுத்து ஐயனார் கோயிலின் ஆடி அமாவாசைத் திருவிழாவில் ஜமீன்தார் அரச உடையில் அமர்ந்து காட்சி தருவது வழக்கமாக இருந்தது. 1929-ல் இந்த ஜமீன், சுமார் 8,374 ஏக்கர் காட்டை பாம்பே பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. காடு வெட்டித் தேயிலை போட்டார்கள். மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் அப்படி எழுந்த பெயர்கள். கீழே இருந்து தொழிலாளர்கள் மேல ஏறினார்கள். பெரும்பாலும் நிலமில்லாதவர்கள், தலித் குடும்பங்கள் நிறைய. லயத்துல வீடு. வேலை இருக்கிறவரைக்கும் வீடு, வேலை போனா வீடும் போகும். ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு நிலம் அரசுக்கு வந்தது. ஆனா குத்தகை அப்படியே தொடர்ந்தது.

அப்புறம் மின்வாரியமும் பொதுப்பணித்துறையும். பாபநாசம், சேர்வலாறு, கோதையாறு அணைகளும் மின்நிலையங்களும் இந்த மலைக்குள்ளதான். கீழே நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பாசன விவசாயிகள். வருஷம் ஒரு தடவை லட்சக்கணக்கில் மலையேறுற பக்தர்கள். கடைசியா, அடிவாரத்து ஊர்கள். அங்கிருந்து தினமும் பெண்கள் காட்டுக்குள் போய் விறகு வெட்டி, தலைச்சுமையா இறக்கி, களக்காடு, கடையம், அம்பாசமுத்திரம் பக்கத்து ஊர்களில் வித்துப் பிழைச்சாங்க.

நம்ம ஆபீஸ் கட்டத்துல இவங்களை நிரப்பிப் பாருங்க. மின்வாரியத்துக்கு அதிகாரம் உச்சம். கம்பெனிக்கு எழுத்துல குத்தகை. பக்தர்களைத் தடுக்க எந்த அரசியல்வாதிக்கும் துணிச்சல் வராது. விறகுக்காரப் பெண்ணுக்கு அதிகாரம் இல்லை, ஆனா அவங்க அரிவாள் காட்டைப் பாதிக்குது. எஸ்டேட் தொழிலாளிக்கு? அதிகாரமும் இல்லை, காட்டைப் பாதிக்கிற அரிவாளும் இல்லை. அவர் கையில் கொழுந்துக் கூடை. கட்டத்தில் அவருக்கு எந்த மூலை கிடைக்கும்னு நீங்களே சொல்லிடலாம்.

1995: பட்டியல் போட்டு வேலை செஞ்ச காலம்

தொண்ணூறுகள் வரைக்கும் வனத்துறைக்குத் தெரிஞ்ச ஒரே வழி காவல். விறகுக் கட்டைப் பிடி, அபராதம் போடு, மறுநாள் அதே பெண்ணை மறுபடி பிடி. அடுப்பு எரியணுமே, அவங்களும் வருவாங்க.

1994-ல் உலக வங்கிக் கடனில் வன ஆராய்ச்சி, கல்வி, விரிவாக்கத் திட்டம்னு ஒண்ணு தொடங்கியது. அதன் ஒரு பகுதியா இந்தியாவில் ரெண்டே ரெண்டு இடத்தில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தைச் சோதிச்சுப் பார்த்தாங்க. ஒண்ணு இமாச்சலப் பிரதேசத்தில் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா. இன்னொண்ணு நம்ம களக்காடு முண்டந்துறை.

இங்க காப்பகத்தின் கிழக்கு எல்லையில் இருந்து 5 கிலோமீட்டருக்குள் இருந்த ஊர்கள்தான் இலக்கு. ஒவ்வொரு ஊரிலும் கிராம வனக் குழு அமைத்தார்கள். ஊரோடு உட்கார்ந்து, யார் எவ்வளவு விறகு எடுக்கிறாங்க, யாருக்கு ஆடுமாடு மேய்ச்சல் தேவை, மாற்று என்ன வேணும்னு பேசி, ஊருக்கு ஒரு குறுந்திட்டம் தயாரானது. சாண எரிவாயு, மேம்படுத்தின அடுப்பு, வீட்டோரம் விறகு மரம் எல்லாம் அதில் வந்தது. எல்லாத்தையும் விட முக்கியமானது சுழல்நிதி. குழுவின் பணத்தை உறுப்பினர்களுக்கே கடனாகக் கொடுப்பது. ஒருத்தர் மாடு வாங்குவார், இன்னொருத்தர் தையல் மெஷின், வேற ஒருத்தர் பெட்டிக்கடை. திருப்பிக் கட்டின பணம் அடுத்தவருக்குப் போகும்.

இது வேலை செஞ்சது. காட்டில் இருந்து இறங்குற விறகுச் சுமைகள் பெருமளவு குறைஞ்சதா வனத்துறையின் மதிப்பீடு சொன்னது. 2001-ல் உலக வங்கிப் பணம் நின்ன பிறகும் சுழல்நிதி பல ஊர்களில் ஓடிக்கிட்டே இருந்தது. அரசுத் திட்டங்களில் அது அபூர்வம். பணம் வெளியே இருந்து கொட்டுறப்போ குழுக்கள் பூக்கும், நின்னதும் வாடும். இங்க பணம் ஊருக்குள்ளேயே சுத்தினதால் குழு கூடுறதுக்கு ஒரு காரணம் மிச்சம் இருந்தது. இன்னைக்கும் இந்தியாவில் வன மேலாண்மை சொல்லிக் கொடுக்கிற இடங்களில் இது எடுத்துக்காட்டு.

ஆனா பட்டியல் எப்படித் தயாரானதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. காட்டுக்கு யாரால அழுத்தமோ, அவங்களை முதல்ல கணக்கெடுத்தாங்க. விறகு எடுக்கிற ஊர் உள்ளே வந்தது. அழுத்தம் தராதவங்களைத் தேடிப் போக வேண்டிய அவசியம் திட்டத்துக்கு இல்லை. இது 1963 வரையறை. யாருடைய ஒத்துழைப்பு இல்லாட்டி காடு நிக்காதோ அவங்களோட பேசு. திட்டத்தின் நோக்கத்துக்குள்ள நின்னு பார்த்தா அதுல தப்பும் இல்லை. மலைக்கு மேல இருந்த எஸ்டேட் தொழிலாளி, கம்பெனியின் ஆள். அவர் கணக்கு கம்பெனியின் புத்தகத்தில்.

1999: ஒரே வருஷம், ரெண்டு காட்சி

அதே திட்டக் காலத்தில், 1999 ஜூலை 23-ம் தேதி. மாஞ்சோலைத் தொழிலாளர்களின் கூலி உயர்வுக்காகவும், போராட்டத்தில் கைதானவர்களை விடுவிக்கச் சொல்லியும் திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் போனது. போலீஸ் தடியடி நடத்தியது. ஓட இடமில்லாமல் ஜனங்கள் தாமிரபரணிக்குள் இறங்கினார்கள். 17 பேர் இறந்தார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதில் உண்டு.

அந்தப் போராட்டம் கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் இடையிலான கூலிப் பிரச்சினை. வனப் பாதுகாப்புத் திட்டத்தோடு அதுக்கு நேரடித் தொடர்பு கிடையாது. நான் இங்க அதைச் சொல்றது வேற காரணத்துக்காக. அடிவாரத்தில் குழு கூடி, குறிப்பெடுத்து, கடன் கொடுத்து, கேட்டுப் பேசுகிற ஒரு நிர்வாகம் உருவாகிக்கிட்டு இருந்தது. அதே காலத்தில் மலைக்கு மேல இருந்தவங்க பேச்சைக் கேட்க ஒரு மேசைகூட இல்லாம, ரோட்டுக்கு வரவேண்டி இருந்தது.

அதே 1999-ல் இமாச்சலத்தில் என்ன நடந்தது பாருங்க. அதே உலக வங்கித் திட்டத்தின் இன்னொரு இடம். கிரேட் ஹிமாலயன் பூங்காவுக்கான முதல் அறிவிப்பு 1984-லேயே வந்திருந்தது. 15 வருஷம் கழிச்சு 1999-ல் இறுதி அறிவிப்பு வந்தது. ஆடு மேய்த்தவர்கள், மூலிகை பறித்தவர்கள், குச்சிக் காளான் சேகரித்தவர்கள், எல்லாருக்கும் மலைக்குப் போற வழி மூடப்பட்டது. இழப்பீடு கிடைச்சது நூறு வருஷத்துக்கு முந்தைய வன நிர்ணயப் பதிவேட்டில் பெயர் இருந்தவர்களின் வாரிசுகளுக்கு மட்டும். அதே நேரம், பார்வதி நீர்மின் திட்டம் வர்றதுக்காக ஜீவா ஓடைப் பள்ளத்தாக்கில் சுமார் 10 சதுர கிலோமீட்டர் பூங்கா வரைபடத்தில் இருந்தே வெளியே எடுக்கப்பட்டது.

காளான் பறிக்கிறவருக்காக எல்லைக்கோடு நகரலை. டர்பைனுக்காக நகர்ந்தது. அந்த ஊர்க்காரர்கள் சும்மா இருக்கலை. ஓட்டு கேட்டு வர்ற அரசியல்வாதிகளைப் பிடிச்சு, கட்சிக்குக் கட்சி அழுத்தம் கொடுத்து, பூங்கா விதிகள் நடைமுறையில் இறுகாமல் பல வருஷம் இழுத்துப் பிடிச்சாங்க. இதுல ஒரு பாடம் இருக்கு. யாரைப் பட்டியலில் இருந்து விட்டாலும் அவங்க காணாமப் போயிட மாட்டாங்க. வேற வாசல் வழியா வருவாங்க. ஒரு இடத்தில் எம்.எல்.ஏ. வீட்டு வாசல், ஒரு இடத்தில் தெரு, ஒரு இடத்தில் நீதிமன்றம்.

தள்ளி வைக்க முடியாதவர்கள்

பட்டியலின் இன்னொரு முனையையும் பார்க்கணும். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு வர்ற கூட்டம், புலிகள் காப்பகத்தின் நடுவுல குடில் போட்டுத் தங்கும். குப்பை, பிளாஸ்டிக், ஆத்தில் துணி, மரம் வெட்டி அடுப்பு. காட்டுக்கு விறகுக்காரப் பெண்ணை விடக் குறைஞ்ச தொல்லை இல்லை இது.

ஆனா இவங்களை வனத்துறை அணுகின விதம் வேற. தடுக்க முடியாதுன்னு தெரியும். அதனால பேசினாங்க. தங்குற நாட்களைக் குறைச்சாங்க, வண்டிகளுக்குக் கட்டுப்பாடு, சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் வாங்கி வைப்பது, தன்னார்வலர்களை நிறுத்துவது. சூழலியல் ஆய்வு நிறுவனங்களும் பல வருஷம் இதில் வேலை செஞ்சாங்க. கொஞ்சம் கொஞ்சமா மாற்றம் வந்தது. வருஷா வருஷம் இழுபறி, ஆனா பேச்சு நிக்கலை.

கூட்டத்துக்கு ஓட்டு பலம் உண்டு, தெய்வத்தின் பேர் உண்டு. அதனால அவங்களோட பேசுறதுக்குப் பொறுமையும் தானா வருது. பலம் இல்லாதவங்களோடும் அதே பொறுமையில பேசணும்னா, அதுக்கு நல்ல மனசு மட்டும் போதாது. சட்டம் வேணும்.

சட்டம் வந்தது. யாருக்கு வந்தது?

2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. 'ஸ்டேக்ஹோல்டர்' என்ற தளர்வான சொல்லை விட்டு, 'உரிமையாளர்' என்ற இறுக்கமான சொல்லுக்கு நாடு நகர்ந்த தருணம் அது. பழங்குடிகளுக்கும், காட்டை நம்பி மூன்று தலைமுறையா, அதாவது 75 வருஷமா வாழ்ற மற்றவர்களுக்கும் உரிமை உண்டு. 2005 டிசம்பர் 13 என்பது அதுக்கான கணக்கு நாள். புலிகள் காப்பகத்திலேயே ஆனாலும், கிராம சபையின் சம்மதம் இல்லாம ஆட்களை இடம் மாத்தக் கூடாது. காணிக்காரங்களுக்கு இது பெரிய பிடிமானம். இனி அவங்க கையில் ஒரு பட்டா, ஒரு கிராம சபைத் தீர்மானம். அதிகாரி மாறினாலும் அது மாறாது.

மாஞ்சோலைத் தொழிலாளிக்கு? 1929-ல் மலையேறின குடும்பத்துக்கு 2005-ல் 76 வருஷம் ஆகுது. வருஷக் கணக்கு கிட்டத்தட்ட பொருந்துது. ஆனா அவர் கூலிக்கு வந்தவர். கம்பெனி வீட்டில் கம்பெனி ரேஷனில் வாழ்ந்தவர். 'காட்டை நம்பி வாழ்பவர்' என்ற வரையறைக்குள் அவரை நுழைக்கிறது கஷ்டம். மலையில மூணு நாலு தலைமுறை பிறந்து வளர்ந்தும், சட்டத்தின் கண்ணில் அவர் காட்டுவாசியும் இல்லை, நிலத்துக்குச் சொந்தக்காரரும் இல்லை, குத்தகைதாரரும் இல்லை.

2007 டிசம்பரில் களக்காடு முண்டந்துறையில் புலிகளின் முக்கிய வாழிடம் அறிவிக்கப்பட்டது. அப்புறம் சிங்கம்பட்டிக் காடு காப்புக்காடு ஆனது. குத்தகை முடிய இன்னும் சில வருஷமே இருக்கும்போது, 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவிச்சது. ஜூன் மாதத்தோடு கொழுந்து பறிப்பு நின்னது. தொழிலாளர்கள் நீதிமன்றம் போனாங்க. அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ இந்தத் தோட்டத்தை எடுத்து நடத்தணும்னு கேட்டாங்க. அந்தக் கோரிக்கைக்கு ஒரு நியாயமான முன்னுதாரணமும் உண்டு. இலங்கையில் இருந்து தாயகம் திரும்பின தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் 1968-ல் தொடங்கியது. ஆனா 2024 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கலை. காடு காடாகத் திரும்பணும், தொழிலாளர்களின் மறுவாழ்வை அரசு பார்த்துக்கணும் என்ற திசையில் தீர்ப்பு வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2025-ல் அகத்தியமலை நிலப்பரப்பு முழுவதையும் ஆய்வு செய்யச் சொல்லி உத்தரவு வந்தது.

இங்க காட்டின் தரப்பையும் நேர்மையா சொல்லிடணும். மழைக்காட்டின் நடுவுல 8,000 ஏக்கர் குத்தகை என்பது சின்ன விஷயம் இல்லை. சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவி வாழ்ற பிராணி. தேயிலைச் செடி மேல அது போகாது. தோட்டம் காடாகத் திரும்பினா ரெண்டு தாமிரபரணிக்கும், அதாவது உங்களுக்கும் எனக்கும் நல்லது. 2023 ஜூனில் அரிக்கொம்பன் யானையைத் தேனியில் பிடிச்சு மேல்கோதையாறு பக்கம் விட்டாங்க. சில மாதத்தில் அது மாஞ்சோலை எஸ்டேட் பக்கம் இறங்கியது. யானைக்குக் குத்தகை எல்லை தெரியாது. ஆக, காடு திரும்பணும் என்ற தீர்ப்போட நான் சண்டைக்கு வரலை.

என் கேள்வி தேதியைப் பத்தி. குத்தகைப் பத்திரத்தில் 99 வருஷம்னு 1929-லேயே எழுதியாச்சு. 2028-ல் முடியும்னு அன்னைக்கே தெரியும். சாஃப்ட்வேர் உலகத்தில் 3 மாச டெட்லைனுக்கே அலறுவோம். இது 99 வருஷம் முன்னறிவிப்பு கொடுத்த டெட்லைன். நிலம் யாரிடம் திரும்பும்னு பத்திரத்தில் இருந்தது. 1988-ல் காப்பகம் வந்தப்போ இன்னும் 40 வருஷம் மிச்சம். சூழல் மேம்பாட்டுத் திட்டம் முடிஞ்சப்போ 27 வருஷம் மிச்சம். அடிவார ஊர்களுக்குக் கொடுத்த அதே முறையை, குழு, குறுந்திட்டம், சுழல்நிதி, மாற்றுத் தொழில் எல்லாத்தையும், மலைக்கு மேலயும் கொண்டு போயிருந்தா, 2024-ல் ஐம்பது வயசுக்காரர் ஒருத்தர் கீழே இறங்கும்போது கையில ஒரு வீட்டுப் பட்டாவும் ஒரு தொழிலும் இருந்திருக்கும். அந்த முறை தெரியாத துறை இல்லை இது. இதே துறை, இதே மலை, செஞ்சு ஜெயிச்ச முறை.

நம்ம பக்கத்துக்கு வருவோம்

2008-ல் குமரி மாவட்டத்தில் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் வந்தது, சுமார் 402 சதுர கிலோமீட்டர். மாவட்டத்தின் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம், சரணாலயங்களைச் சுத்திக் குறைந்தது 1 கிலோமீட்டர் சூழல் உணர்திறன் மண்டலம் வேணும்னு சொன்னப்போ மலையோர ரப்பர் விவசாயிகள் பதறினாங்க. 2023 ஏப்ரலில் நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. பதற்றம் முழுசா அடங்கலை.

இங்க பட்டியல் எவ்வளவு நீளும்னு பாருங்க. காணிக்காரர், சின்ன ரப்பர் விவசாயி, அரசு ரப்பர் கழகத் தொழிலாளி, பால்வெட்டுறவர், பேச்சிப்பாறை அணைத் தண்ணியை நம்பின கடைமடை விவசாயி. தேனீ வளர்க்கிறவரையும் சேர்க்கணும். மார்த்தாண்டம் தேன்னு ஊர் பேர் வாங்கினது, ரப்பர் இலை உதிர்ந்து துளிர்க்கிற ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் தோட்டத்தில் பெட்டி வைக்கிறதால. அவருக்குச் சொந்தமா ரப்பரும் இருக்காது, காடும் இருக்காது. ரப்பர் நிலத்துக்கு ஒரு விதி வந்தா எந்த ஆவணத்திலும் அவர் பெயர் வராது. ஆனா முதல்ல காலியாகிறது அவர் பெட்டிதான்.

அதனால, நம்ம பக்கத்தில் அடுத்த வரைபடம் வெளியாகும்போது, கருத்துக் கேட்புக் கூட்டம்னு பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் நோட்டீஸ் ஒட்டும்போது, மூணு விஷயம் கேளுங்க. பாதிக்கப்படுறவங்க பட்டியல் தனியா இருக்கா, இல்ல பாதிக்கிறவங்க பட்டியல் மட்டும்தானா? நிலத்தில் கையெழுத்து இல்லாதவங்க அதில் இருக்காங்களா? நிலத்துக்கு ஒரு கடைசித் தேதி எழுதியிருந்தா, ஆட்களுக்கான ஏற்பாட்டுக்கு என்ன தேதி எழுதியிருக்கு?

மூணாவது கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்தை, எவ்வளவு நல்ல திட்டமா இருந்தாலும், முடிஞ்ச திட்டம்னு நான் சொல்ல மாட்டேன். 2028 இன்னும் வரலை. மாஞ்சோலையில் இருந்து இறங்கினவங்களுக்கு வீடும் வேலையும் கொடுக்க வேண்டிய கணக்கு இன்னும் திறந்துதான் இருக்கு.

 உங்க ஊர்ல பெரியவங்க யாராவது எஸ்டேட்லயோ, கோதையாறு மின்நிலையத்துலயோ வேலை பார்த்திருந்தா அவங்ககிட்ட உட்கார்ந்து பேசுங்க. பட்டியலில் வராத பெயர்களை அவங்கதான் ஞாபகம் வெச்சிருப்பாங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.